பழைய அம்பாசடர் வாங்கியாச்சு, முதலில் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 1977 மாடல் அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. சில வருடங்கள் ஷெட்டிலேயே நின்றிருக்கிறது. புது பேட்டரி போட்டதும் கிளம்பிவிட்டது, மதுரை வரை ஓட்டியே கொண்டு வந்துவிட்டீர்கள். அடுத்து குடும்பத்தோடு கொடைக்கானல் போக ஆசை. அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும், இசுசு இன்ஜின் மாற்றலாமா, டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர், ஏசி எதெல்லாம் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

"வண்டி நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அங்கேதான். அந்த 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், முரட்டு இன்ஜின். வருடக்கணக்கில் நின்றாலும் நெருப்பும் பெட்ரோலும் கிடைத்தால் கிளம்பிவிடும். ஆனால் அதே வருடங்களில் பிரேக் வாஷர், பெட்ரோல் ஹோஸ், டயர், ஒயரின் மேல்தோல் எல்லாம் சத்தமில்லாமல் வீணாகியிருக்கும். இன்ஜின் ஒழுங்காக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் செலவை இந்த வரிசையில் செய்யுங்கள்: வண்டி நிற்குமா, சொன்ன பக்கம் திரும்புமா, தீப்பிடிக்காமல் இருக்குமா. நம்பி ஓட்டலாமா என்பது அதற்கு அடுத்து. பெயின்ட், சீட் கவர், மியூசிக் எல்லாம் கடைசி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

பிரேக்கில் ஆரம்பிப்போம். உங்கள் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். எல்லாவற்றுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். இன்றைய காரில் ஒரு பக்கம் ஆயில் போனாலும் பாதி பிரேக் மிஞ்சும். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்தாலே பெடல் தரையைத் தொட்டுவிடும். அப்போது உங்களிடம் இருப்பது ஹேண்ட் பிரேக்கும் கியரும்தான். ஆகவே "பிரேக் பிடிக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்க்க வேண்டும். வீல் சிலிண்டரின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையின் உதட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அது ஏற்கெனவே கசிகிறது என்று அர்த்தம். வாஷர் கிட் மட்டும் மாற்றலாம் என்று மெக்கானிக் சொல்வார். நின்றிருந்த வண்டியில் சிலிண்டரின் உள்சுவரில் துரு குழி குழியாக அரித்திருக்கும். அதன் மேல் புது வாஷர் போட்டால் சில மாதத்தில் மறுபடி கசியும். முழு சிலிண்டரையே மாற்றுங்கள். அம்பாசடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றுபோனாலும் இந்தச் சாமான்களுக்கு இன்னும் பெரிய தட்டுப்பாடு இல்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டுப் பாருங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவு, பானெட், கண்ணாடி வாங்கலாம். பழைய பிரேக் சாமானை மட்டும் எங்கேயும் வாங்காதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டர் இந்தப் பழைய மார்க் வண்டிகளில் பெரும்பாலும் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் மூடி தெரியும். கண்ணுக்கு முன்னால் இல்லாததால் ஆயில் அளவை யாரும் பார்ப்பதில்லை. மேலே சேறும் மண்ணும் மூடிக் கிடக்கும். சுத்தம் செய்யாமல் மூடியைத் திறந்தால் அத்தனை மண்ணும் உள்ளே விழும். ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பாருங்கள். டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தால் வருடக்கணக்கில் மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்து டிரம் சூடேறினால் ஆயிலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கொடைக்கானல் இறக்கத்தில் நடக்கக்கூடிய விபத்துக்கு இது ஒன்றே போதும். டாட் 3 அல்லது டாட் 4 ஊற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்கு யாராவது இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருந்தால் ரப்பர் எல்லாம் ஊதிப்போயிருக்கும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் தயங்காமல் எல்லா ரப்பரையும் தூக்கிப் போட்டுவிட்டு, பைப்பைக் கழுவிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ரப்பர் ஹோஸ்களையும் மறக்க வேண்டாம். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். பெடலை மிதித்தால் அழுத்தம் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. சக்கரம் லேசாகப் பிடித்தபடியே ஓடும், டிரம் கை வைக்க முடியாத அளவு சுடும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெக்கானிக் ஷூவை அட்ஜஸ்ட் செய்துகொண்டே இருப்பார், தீராது. வயது தெரியாத ஹோஸ் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் நல்லது. இரும்பு பைப்பில், குறிப்பாகப் பின் ஹவுசிங் (பின் சக்கர அச்சை மூடியிருக்கும் இரும்பு உறை) மேல் போகும் பகுதியில், துரு பூத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். நடுவில் வெட்டி ஒட்டுப் போடுவதை ஏற்காதீர்கள்.

பின் டிரம்மைத் திறக்கும்போது லைனிங்கில் எண்ணெய்ப் பசை இருந்தால் ஹவுசிங் ஆயில் சீல் போய்விட்டது. சீல் மாற்றுவதோடு ஹவுசிங்கின் மேல் இருக்கும் சிறிய காற்றுத் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வரும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடுவது வீண் வேலை, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் நுரையீரலுக்கும் அவர் நுரையீரலுக்கும் நல்லது.

எல்லாம் போட்டு ஏர் எடுத்த (பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றிய) பிறகு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து அருகே வரும் வரிசையில் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திவைத்து பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, வெளியே தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கசியலாம். ஹேண்ட் பிரேக்கைச் சரிவில் நிறுத்திச் சோதியுங்கள். ஒரே சர்க்யூட் வண்டியில் அது வெறும் பார்க்கிங் பிரேக் இல்லை.

இனி முன்பக்கம். அம்பாசடரில் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீளக் கம்பி), ஸ்டீயரிங் ரேக் அண்ட் பினியன். சக்கரம் திரும்புவது கிங் பின் மேல். அதற்கும் மேல் கீழ் லிங்க்குகளுக்கும் கிரீஸ் நிப்பிள் உண்டு. கிரீஸ் அடித்துக்கொண்டே இருந்தால் வெகுகாலம் வரும், விட்டுவிட்டால் தேய்ந்து கடைசியில் முன் சக்கரம் மடிந்து விழும். ரோட்டோரத்தில் ஒரு பக்கம் முன் மூக்கைக் குத்திக்கொண்டு, சக்கரம் மட்கார்டுக்குள் சாய்ந்து நிற்கும் அம்பாசடரை நம்மில் பலர் பார்த்திருப்போம். வேகமாகப் போகும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சோதிப்பது எளிது. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கீழே மர ஸ்டாண்டோ இரும்பு ஸ்டாண்டோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் அல்லது லிங்க். இடம் வலமாக ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் முனைகளில் இருக்கும். கிங் பின் புஷ்ஷைப் போட்டு அளவாக ரீமர் செய்யத் தெரிந்த பழைய லேத்காரர் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள். இறுக்கமாகப் போட்டால் ஸ்டீயரிங் திரும்பிவராது, தளர்வாகப் போட்டால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் கிரீஸ் உள்ளே போகாமல் கிரீஸ் கன்னின் ஓரமாக வழியும். கடைப்பையன் அதைத் துடைத்துவிட்டு "அடிச்சாச்சு சார்" என்பான். பக்கத்தில் நின்று பாருங்கள்.

டயர் விஷயத்தில் பட்டன் தேயாமல் இருக்கிறது என்பதற்கு மதிப்பே இல்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த வயது டயரை மலைக்குக் கொண்டு போகாதீர்கள், பார்க்கப் புதுசாக இருந்தாலும் சரி. ரேடியலையும் பழைய நைலான் கிராஸ்பிளையையும் கலந்து போடக் கூடாது. ஐந்தும் ஒரே வகை, ஸ்டெப்னியும் சேர்த்து. டியூப்பும் புதியதாக இருக்கட்டும்.

துருவைப் பற்றி ஒரு விஷயம். லாரி போலத் தனியாக சேஸி இருக்கிறது, மேலே தகரம் போனால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அம்பாசடரில் அப்படித் தனி சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடம், டார்ஷன் பார் பின்னால் போய் மாட்டும் குறுக்குச் சட்டம், இந்த இடங்களில் துரு இருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி. பெரிய ஸ்க்ரூ டிரைவரால் அடியில் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கே தகரம் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும், மேலே தார் பூசி மறைப்பது பயனில்லை. வெல்டிங் என்றால் பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டுத்தான்.

தீ விபத்துக்கு வருகிறேன். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டரில் இருந்து சொட்டும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பின் மேல் விழும். ஆகவே இந்த வண்டியில் பெட்ரோல் கசிவைச் "சின்னக் கசிவு" என்று விட முடியாது. இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1977-இல் செய்த ரப்பருக்கு எத்தனால் ஒத்துவராது. ஹோஸ் விரியும், வெடிப்பு விடும். ஏசி பம்ப் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் விறைத்துக் கிழியும். கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலோடும் கலக்கலாம். டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசம் தெரிந்தால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். எத்தனாலைத் தாங்கும் என்று அச்சிட்ட ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஹோஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் அத்தனையையும் அதில் மாற்றி, நல்ல கிளிப் போடுங்கள். இந்த ஒரு வேலை ஒரு சீட் கவர் செலவுக்குள் முடிந்துவிடும். கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டரை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது இங்கே ஒரு வழக்கம். அதைத் தூரமாக, டேங்க் பக்கம் கொண்டு போங்கள்.

எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. நின்ற வண்டியின் டேங்கில் அடியில் தண்ணீரும் துருவும் சேரும். டேங்கை இறக்கிக் கழுவாமல் கார்புரேட்டரை எத்தனை தரம் சர்வீஸ் செய்தாலும் ஜெட் மறுபடி மறுபடி அடைக்கும். ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் பழைய பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள்.

ஒயரிங் இன்னொரு தீக்குச்சி. இந்தக் காலத்து வண்டிகளில் பெட்டி நிறைய ஃப்யூஸ் இருக்கும். பழைய அம்பாசடரில் இரண்டே இரண்டு. ஹெட்லைட் ஒயருக்கு ஃப்யூஸே கிடையாது. பேட்டரியிலிருந்து அம்மீட்டர் வழியாகச் சாவிக்கு வரும் தடித்த ஒயருக்கும் கிடையாது. அந்த ஒயர் எங்காவது பாடியில் உரசித் தோல் போனால், எரிந்து முடியும்வரை தடுக்க ஒன்றும் இல்லை. இதற்கு மேல் நாற்பது வருடத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு ஹாரன், ஒரு ஃபேன், ஒரு டேப் ரெக்கார்டர் என்று இழுத்த ஒயர்கள், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள். டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தால் தெரியும். தேவையில்லாத அத்தனையையும் பிடுங்குங்கள். முக்கிய ஒயரின் தோல் வளைத்தால் உடைகிறது என்றால் முழு ஒயரிங் செட்டும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போடுங்கள், இரவில் அணைத்துவிட்டுத் தூங்கலாம். டிரைவர் சீட் கை எட்டும் இடத்தில் 2 கிலோ உலர் பவுடர் தீயணைப்பான் ஒன்று. டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வைத்தால் எடுத்து வருவதற்குள் இன்ஜின் போய்விடும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது என் கணக்கில் இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மலிவு வேலை. பழைய முறையில் முழு கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச், காலால் மிதிக்கும் டிம்-பிரைட் சுவிட்ச் எல்லாம் சுற்றிக்கொண்டு லைட்டுக்குப் போகிறது. வழியில் வோல்டேஜ் குறைந்து மஞ்சள் வெளிச்சம்தான் மிஞ்சும், சுவிட்ச்சும் சூடாகும். ரிலேயும் தனி ஃப்யூஸும் போட்டால் அதே 60/55 வாட் பல்பில் வெளிச்சம் கண்கூடாக ஏறும். 100/90 வாட் பல்பு வாங்கி மாட்ட வேண்டாம், எதிரில் வருபவர் கண்ணும் உங்கள் ஹோல்டரும் சேர்ந்து போகும். கூடவே பின்னால் வருபவருக்கு நாம் தெரிய வேண்டும். அம்பாசடரின் பின் விளக்குகள் சிறியவை. பிரேக் லைட் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். பின் கண்ணாடியில் ஒரு மூன்றாவது பிரேக் லைட், நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கும் ஹசார்டு சுவிட்ச், இரண்டும் போடுங்கள்.

ஆல்டர்னேட்டர் கேட்டீர்கள், கண்டிப்பாகப் போடலாம். டைனமோ சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது ஏறக்குறைய ஒன்றும் சார்ஜ் செய்யாது. மழை இரவில் வைப்பர், லைட், ஹாரன் என்று ஓட்டினால் பேட்டரியிலிருந்துதான் எடுக்கும். பிற்கால அம்பாசடர்களில் வந்த லூகாஸ் டிவிஎஸ் ஆல்டர்னேட்டரைப் பிராக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் பெரிய வேலை இல்லை. மாட்டும் முன் ஒன்றைப் பாருங்கள்: பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது? பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் டயோடு அந்த நொடியே போகும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட் பாக்ஸை ஒழுங்காக விலக்கி ஒயர் செய்யத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டையையும் அப்போதே புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்று செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கழற்றிப் பார்த்த எத்தனையோ வண்டிகளுக்கு இந்த ஒரு பட்டைதான் மருந்தாக இருந்திருக்கிறது.

இன்ஜினைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன். ஆயில் மாற்றி 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். மெல்லிய சிந்தெடிக் ஆயில் இதற்கு வேண்டாம், பின்பக்கம் ஏற்கெனவே லேசாகச் சொட்டும் இன்ஜின் இன்னும் சொட்டும். பாயிண்ட், கண்டென்சர், பிளக், ரோட்டர், கேப் எல்லாம் புதிது போட்டு, பாயிண்ட் இடைவெளி 0.4 மிமீ, பிளக் 0.6 மிமீ என்று வைத்தால் மலையேறப் போதும். பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் அடிக்கடி சரிபார்க்கும் வேலை மிச்சம்தான். ஆனால் போட்டால் பழைய பாயிண்ட் செட்டைத் தூக்கி எறியாமல் டேஷ்போர்டில் வையுங்கள். எலெக்ட்ரானிக் பெட்டி போனால் ரோட்டில் ஒன்றும் செய்ய முடியாது, பாயிண்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாவது வீடு வந்து சேரலாம். எஸ்யூ கார்புரேட்டராக இருந்தால் மேலே இருக்கும் கறுப்பு மூடியைத் திறந்து டாஷ்பாட் என்ற சின்னக் குழியில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கால்வாசி வண்டிகளில் காலியாக இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறுவதற்கு அதுதான் காரணம். எத்தனால் பெட்ரோலில் கலவை சற்று மெலியும் என்பதால் ஜெட்டைக் கொஞ்சம் ரிச் பக்கம் (பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்படி) வைக்க வேண்டியிருக்கலாம்.

வால்வு கிளியரன்ஸ் மட்டும் கவனம். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் செய்தது. ஈயம் வால்வு சீட் தேயாமல் காத்துவந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லா பெட்ரோல்தான். மெதுவாக ஓட்டினால் பெரிதாகத் தெரியாது. நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு உள்ளே அமரும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். இப்போது சரியாக வைத்து, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள். மாறாமல் இருந்தால் யாரோ ஏற்கெனவே கடினமான சீட் போட்டிருக்கலாம், அல்லது உங்கள் ஓட்டுதலுக்கு அது போதும். சுருங்கிக்கொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றி சீட் போட வேண்டும். அதுவரை ஹெட்டைத் தொட வேண்டாம்.

கூலிங்கில் நம் ஊரின் பழக்கம் ஒன்று உண்டு: சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அடைத்த ரேடியேட்டரை அது மறைக்குமே தவிர சரிசெய்யாது. போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயிலும் பிளாக்கின் பின்மூலையிலும் காரை கட்டியிருக்கும். ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடிக்க (குழாய்களுக்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்க) சொல்லுங்கள். பிளாக்கிலும் வடிகால் குழாயைத் திறந்து சேறு போகக் கழுவுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றி, புது தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ், பெல்ட் எல்லாம் போடுங்கள். மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடித்தால்தான் அந்த எல்லை மேலே போகும்.

சரி, பெரிய மாற்றங்களுக்கு வருவோம். டிஸ்க் பிரேக் பிற்கால அம்பாசடர்களில் பூஸ்டரோடு வந்தது, அந்தச் சாமான்களை மாட்ட முடியும். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டி மாஸ்டர் சிலிண்டரைப் பழையதாகவே விட்டால் பெடல் கணக்கு மாறிவிடும். சரியாகப் பராமரித்த டிரம் இந்த வண்டியின் வேகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. பணம் இருந்தால் முதலில் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுங்கள், டிஸ்க் அதற்குப் பிறகு. சீட் பெல்ட்டை இரண்டுக்கும் முன்னால் வைப்பேன். நடுத் தூணிலும் தரையிலும் உள்ளிருந்து தடித்த இரும்புத் தகடு கொடுத்து, துரு இல்லாத இடத்தில் போல்ட் போட வேண்டும். வெறும் தகரத்தில் ஸ்க்ரூ போட்டு மாட்டிய பெல்ட் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு மேலும் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். அம்பாசடர் "கனமான இரும்பு, பாதுகாப்பானது" என்று நம் வீடுகளில் சொல்வதை நம்பாதீர்கள். மோதலை உள்வாங்கும் அமைப்பு இதில் இல்லை, ஸ்டீயரிங் தண்டும் மடங்காது. நான்கு வழிச் சாலையில் இடது ஓரமாக 70-இல் போவதுதான் இதன் ஏர்பேக்.

இசுசு இன்ஜின்: வேண்டாம். 1992-இல் அம்பாசடரிலேயே வந்த 1.8 லிட்டர் இன்ஜின்தான், ஐந்து கியர், நல்ல இழுவை, எல்லாம் உண்மை. ஆனால் கூடுதல் வேகத்துக்கு உங்கள் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தயாராக இல்லை. ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றாமல் இன்ஜின் மாற்றினால் இன்ஷூரன்ஸ் கேள்விக்குறியாகும். மேலும் 2021-இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று விஏ வரிசை எண்ணில் பதியலாம். பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. உங்கள் வண்டி 2027-இல் 50-ஐத் தொடும், இன்ஜின் மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் விண்டேஜ் பதிவு எடுத்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். குடும்பச் சுற்றுலாவுக்கு அது பொருந்தாது. ஓட்டி அனுபவிக்க வாங்கியிருக்கிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். இப்போதே ஆர்சியில் உள்ள இன்ஜின் எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு காலத்தில் டீசல் இன்ஜின் போட்டுவிட்டுத் திரும்பப் பெட்ரோலுக்கு வந்த அம்பாசடர்கள் நிறைய உண்டு. ஏசி? இந்த இன்ஜினும் இந்த ரேடியேட்டரும் அந்தச் சுமையைத் தூக்கி மலை ஏற வேண்டாம். முக்கோணக் கண்ணாடியைத் திறந்து வைத்தால் காற்று வரும்.

கொடைக்கானலுக்கு நேராகப் போகாதீர்கள். வேலையெல்லாம் முடிந்ததும் முதலில் அழகர்கோவில் வரை போய் வந்து, வீல் நட்டுகளை மறுபடி முடுக்கி, நான்கு டிரம்மின் சூட்டையும் கையால் தொட்டு ஒப்பிட்டு, அடியில் புதிதாக ஏதாவது சொட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சுட்டால் அந்த ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து திண்டுக்கல் பக்கம் சிறுமலை, 18 கொண்டை ஊசி வளைவுகள், குடும்பம் இல்லாமல், வண்டி தெரிந்த ஒரு நண்பரோடு. ஏறும்போது சூட்டு முள்ளையும், இறங்கும்போது பெடலின் உயரத்தையும் கவனியுங்கள். அங்கே ஒன்றும் மாறவில்லை என்றால் வத்தலக்குண்டு வழியாகக் கொடை ஏறலாம். அதிகாலையில் கிளம்புங்கள். நின்று நகரும் டிராஃபிக்கில் இன்ஜின் சூடாகி பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்பின் மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். கார்புரேட்டரைக் கழற்ற விடாதீர்கள். மேலே போகப் போக காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதால் இழுவை குறையும், அது கோளாறு இல்லை. இறங்கும்போது பெருமாள்மலையிலிருந்தே இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்தபடியே வராமல் விட்டு விட்டுப் பிடியுங்கள். பெடல் கொஞ்சம் கீழே போனாலோ எரிந்த வாசம் வந்தாலோ ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். கையோடு ஒரு ஃபேன் பெல்ட், பாயிண்ட், கண்டென்சர், ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஆயில் ஒரு டப்பா, ஃப்யூஸ், ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.